பன்னிரண்டாவது பெட்டி

"எவன் செஞ்சான்னு மட்டும் சொல்லுங்கக்கா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் சுதா.

அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். சில பேர் அழுது தொலைத்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். இந்த அம்மாள் நாலு நாளாக அழவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

இடம் வெள்ளோடைக்குப்பத்துப் படகுத்துறை. பழவேற்காட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம், அதில் பத்து நிமிடம் ஆட்டோ பள்ளத்தில்தான் இருக்கும். மணி பகல் பன்னிரண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்க்கூட்டம். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்காவிட்டால் சுதாவின் புருஷன் பச்சைமுத்துவுக்கு மூன்று வருஷம் பாடு போய்விடும்.

பாடு என்றால் என்ன என்று மெட்ராஸ்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடிவரும் சில இடங்கள் இருக்கின்றன. அங்கே நினைத்தவன் நினைத்த நேரத்தில் வலை கட்ட முடியாது. ஊரில் சீட்டுக் குலுக்கி, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைப்பார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்று பெயர், அந்த முறைக்கும் அதே பெயர். அது போய்விட்டால் ஒரு குடும்பம் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் கூடையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"நீங்க ஒக்காருங்க சுதா" என்றார் எப்சிபா அக்கா. "முதல்ல பெட்டியப் பாக்கறேன்."

எப்சிபா அக்காவைத் தெரியாதவர்கள் பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பார்க்கவும். 'இங்கு கம்ப்யூட்டர் பழுது பார்க்கப்படும், சந்தேகம் தீர்க்கப்படும்' என்று போர்டு தொங்கும். முதல் வரிக்காக வருகிறவர்களைவிட இரண்டாவது வரிக்காக வருகிறவர்கள்தான் அதிகம். நான் ஆசிக். எட்டு வருஷமாக அவருக்கு உதவியாளன். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுப்பேன், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன்.

கேஸ் இதுதான். நாலு நாளைக்கு முன்னால் ராமன் என்பவருடைய பாடு. சாயங்காலம் வலை கட்டிவிட்டுக் கரைக்கு வந்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தால் வலை கந்தல் கந்தலாகக் கிழிந்து கிடந்தது. அறுத்தது பச்சைமுத்து என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. காரணம், அவர் படகில் இருந்த பெட்டி.

இந்தக் குப்பத்தில் நாற்பத்திரண்டு படகுகள். ஒவ்வொன்றிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. படகு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று உள்ளே ஒரு சின்ன கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். அடுத்த நாள் பிறந்ததும் பழையது அழிந்து புதிது தொடங்கும். சங்கத்துச் செயலாளர் தேவேந்திரன் போய்ப் பார்த்தபோது பச்சைமுத்துவின் பெட்டி செத்துக் கிடந்தது. கார்டை உருவி லேப்டாப்பில் போட்டார். கரையிலிருந்து ராமனின் வலைக்குச் சிவப்பாக ஒரு கோடு. விடியற்காலை நாலு பத்துக்குப் போய், நாலே முக்காலுக்குத் திரும்பிய கோடு.

"குட்டு வெளிப்பட்டுடும்னு பெட்டிய சாகடிச்சிருக்கான்" என்று தேவேந்திரன் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"வூட்லதான் படுத்திருந்தாரு. என் பக்கத்துல" என்றாள் சுதா.

"பொண்டாட்டி சாட்சி செல்லாதாம். மேலே சொல்லுங்க" என்றேன் நான்.

"தேவேந்திரன்தான் செஞ்சிருப்பான். இவரு அடுத்த தடவ செயலாளருக்கு நிக்கறேன்னு சொன்னதுலேர்ந்து அவனுக்கு வயிறு எரியுது. அத்தினி பெட்டியும் அவன் கையிலதான இருக்குது?"

எனக்கும் தேவேந்திரன் மேல்தான் சந்தேகம். உண்மையைச் சொன்னால், ஆசை. போன வருஷம் அவர் போனை நான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்தேன். ஏரியில் விழுந்து ஒரு வாரம் ஊறின போன் பிழைக்கவில்லை. அதற்கு, 'ஆசிக் தொட்டா ஆணிகூட துருப்புடிக்கும்' என்று டீக்கடையில் நின்று கூவினார். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற ஜாதியும் இல்லை நான்.

பச்சைமுத்து தன் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் இன்னாத்துக்கு சுதா? ஊரு சொல்றத கேட்டுட்டுப் போவோம்" என்று ஒரு தடவை முனகினார். சுதா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

எப்சிபா அக்கா பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு ஸ்க்ரூதான். உள்ளே தண்ணீர் இல்லை, கரியவில்லை, ஒரு வயரும் அறுபடவில்லை.

"ஆசிக், ஒரு கேள்வி. நீ வலை அறுக்கப் போறேன்னு வச்சுக்கோ. பெட்டிய எப்ப அணைப்ப?"

"கிளம்பறதுக்கு முன்னாடி."

"இவரு என்ன பண்ணாராம்? போனாராம், அறுத்தாராம், திரும்பி வந்தாராம். போற வழி, வர்ற வழி எல்லாம் சுத்தமா பதிவாகட்டும்னு காத்திருந்து, அப்புறம் அணைச்சாராம்."

"ரொம்ப ஒழுங்கான திருடன்."

அக்கா சிரிக்கவில்லை. கார்டைத் தன் லேப்டாப்பில் சொருகினார். "மென்பொருள் கெட்டுப்போயிருந்தா மறுபடி ஏத்திப் பாப்போம்." தேவேந்திரனிடமிருந்து வாங்கி வைத்திருந்த இரண்டு அப்டேட் ஃபைல்களில் 'பழசு' என்று பெயரிட்டிருந்ததை ஏற்றினார். ஏறவில்லை. மறுபடி ஏற்றினார். திரையில் மறுபடி அதே ஒரு வரி.

"இன்னா சொல்லுது?"

"நீ குடுக்கறது முப்பத்திரண்டு பிட் ஆளுக்கு. இங்க இருக்கறவன் அறுபத்து நாலு பிட் ஆளு. ஏத்த மாட்டேன்னு சொல்லுது."

எனக்கு விளங்கியது. சுதாவுக்கு விளங்கவில்லை. அக்கா அவள் பக்கம் திரும்பினார்.

"சுதா, இந்தப் பெட்டிங்க எல்லாம் ஒரே நாள்லயா வந்துச்சு?"

"இல்லக்கா. முதல்ல முப்பது வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு பன்னெண்டு. ஆனா எல்லாம் ஒரே பெட்டிதான்."

"வெளிய ஒரே பெட்டி. உள்ள ஓடற இன்ஜின் வேற. உங்களுது முதல் முப்பதுல ஒண்ணு. பழைய இன்ஜின். அதுக்குப் பழைய மென்பொருள்தான் ஓடும். ஆனா இந்தக் கார்டுல இருக்கறது புது பெட்டிக்கான மென்பொருள். பெட்ரோல் இன்ஜின்ல டீசல் ஊத்தின மாதிரி. டேங்க்ல நல்லா எறங்கும். இன்ஜின் மட்டும் கிளம்பாது."

சுதா எழுந்து நின்றாள். "அப்போ இது எங்க கார்டே இல்லியா?"

"உங்க பெட்டி சாகவே இல்ல. யாரோ அதோட கார்ட உருவிட்டு இதைச் சொருகியிருக்கான். புது பெட்டி வச்சிருக்கற பன்னெண்டு பேர்ல ஒருத்தன். அவனோட படகு போன பாதைதான் இந்தச் சிவப்புக் கோடு."

"அவன் பெட்டியும் செத்திருக்கணுமே?" என்றேன். "இவங்க கார்டு அங்கதான இருக்கும்?"

"அங்கதான் அவன் அதிர்ஷ்டம். பழைய பெட்டி புதுசை ஏத்துக்காது. புது பெட்டி பழசையும் ஓட்டும்."

"எங்க மச்சான் மாதிரி" என்றேன். "பழைய சோறு, பிரியாணி, எது வச்சாலும் உள்ள போயிடும்."

"அதனால அவனுக்கு ஒண்ணும் தெரியல. பச்சை லைட்டு எரியுது, நிம்மதியா இருக்கான்."

இந்தத் தப்பை வேறு எங்கேயாவது ஒருவன் செய்திருப்பானா என்று தெரியவில்லை. இந்தத் துறையில் ஒருத்தர் துடுப்பு இன்னொருத்தர் படகில் கிடக்கும். ஒருத்தர் இன்ஜின் விசிறி உடைந்தால் பக்கத்துப் படகிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் திருப்பித் தருவார்கள். எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று பழகிய கை. கார்டும் பொருந்திவிட்டது. அதோடு விட்டுவிட்டான் படுபாவி.

"பன்னெண்டு பேரையும் வரிசையா நிக்க வச்சு" என்று சுதா ஆரம்பித்தாள்.

"ஒருத்தரையும் நிக்க வைக்க வேணாம். அவங்களே வருவாங்க" என்றார் அக்கா.

அரைமணி நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் தேவேந்திரனின் குரலே அறிவித்தது. புதுப் பெட்டிக்காரர்களுக்குப் புயல் எச்சரிக்கை அப்டேட் போடப்படுகிறது, படகைத் துறைக்குக் கொண்டுவரவும். அறிவிக்கச் சொன்னபோது தேவேந்திரன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் தொடலயே?"

"நான்தான் தொடப்போறேன்" என்றேன். "உங்களுதத்தான் முதல்ல."

முழங்கால் தண்ணீரில் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தேவேந்திரனின் படகுக்குப் போனேன். கேபிளைச் சொருகினேன். 'புதுசு' ஃபைலை ஏற்றினேன். புதுப் பெட்டியில் அதற்கே உரிய கார்டு இருந்தால் அப்டேட் ஏறும். பச்சைமுத்துவின் பழைய கார்டு இருந்தால் ஏறாது. மாட்டுடா, மாட்டுடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஏறிவிட்டது. நூறு சதவீதம், வெற்றி என்று திரை பல்லைக் காட்டியது. என் வாழ்க்கையில் ஒரு அப்டேட் நல்லபடியாக ஏறியதற்காக வயிறு எரிந்தது அன்றைக்குத்தான்.

"முடிஞ்சுதா?" என்றார் தேவேந்திரன்.

"முடிஞ்சுது. நீங்க யோக்கியன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இரண்டு, மூன்று, ஏழு, பத்து. எல்லாம் ஏறியது. பதினொன்றும் ஏறியது. எனக்குத் தண்ணீரில் நின்று கால் விறைத்துவிட்டது. கடைசிப் படகில் ஏறியபோது, அது ஆடாமல் ஒரு கை பிடித்துக்கொண்டது.

"பாத்து தம்பி, பாசி வழுக்கும்."

ராமன். வலையைப் பறிகொடுத்தவர். ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். "அந்தப் பொம்பள உங்கள கூட்டியாந்தாளாமே. நல்லா பாருங்க. ஆனா அவனுக்கு மூணு வருஷம் வாங்கித் தராம நான் வுடமாட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அடுத்தவர் பாடு இருந்த இடத்தில் திருட்டு வலை போட்டார் என்று இவருக்கு ஒரு வருஷம் பாடு போனது. கூட்டத்தில் சாட்சி சொன்னவர் பச்சைமுத்து. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அந்தப் பகையில்தான் பச்சைமுத்து வலையை அறுத்தார் என்பது ஊர்ப் பேச்சு.

ஃபைலை ஏற்றினேன். நின்றது. மறுபடி ஏற்றினேன். அதே ஒரு வரி திரும்ப வந்தது, இந்தத் தடவை தலைகீழாக. நீ கொடுப்பது அறுபத்து நாலு, இங்கே இருப்பவன் முப்பத்திரண்டு, ஏற்ற மாட்டேன்.

யா அல்லாஹ்! பச்சைமுத்துவின் கார்டு ராமனின் பெட்டியில் இருந்தது. அறுபட்டது ராமன் வலை. அறுத்ததும் ராமன்.

"இன்னா தம்பி, ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுங்க" என்றேன். என் வாயில் வந்த பொய்களிலேயே அதுதான் மிகவும் சுத்தமானது.

ஐந்து மணிக்குக் கங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போலக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். தலைவர் தொண்டையைக் கனைப்பதற்குள் எப்சிபா அக்கா, படகுகளிலிருந்து கழற்றி வந்திருந்த இரண்டு பெட்டிகளை நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டார்.

"இது பச்சைமுத்து பெட்டி. செத்தது. இது ராமன் பெட்டி. உசுரோட இருக்கறது. நான் பேசப்போறதில்ல. கார்ட மட்டும் மாத்திப் போடறேன்."

ராமனின் பெட்டியிலிருந்து கார்டை உருவினார். செத்த பெட்டியில் சொருகினார். பத்து எண்ணுவதற்குள் நாலு நாளாக இருண்டு கிடந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கூட்டத்தில் ஒருத்தர் "ஐயோ" என்றார். சிவப்புக் கோடு இருந்த கார்டை ராமனின் பெட்டியில் சொருகினார். அதிலும் பச்சை விளக்கு.

"அவங்க அவங்க கார்டு அவங்க அவங்க பெட்டிக்குப் போயிடுச்சு. சிவப்புக் கோடு யாருதுன்னு இப்ப நீங்களே சொல்லுங்க."

தேவேந்திரன் எழுந்து வந்து இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ரெண்டாவது தடவ வந்த பெட்டி. அது முதல் தடவ வந்தது. நான்தான் மாட்டுனேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு ராமனைப் பார்த்து, "உன் வலைய நீயே அறுத்துக்கினியா?" என்றார்.

ராமன் மறுக்கவில்லை. எழுந்து வேட்டி மணலைத் தட்டிக்கொண்டார்.

"ஆமா. அறுத்தேன்."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு சுதா உள்ளே வந்தாள். "பொம்பளைங்க கூட்டத்துக்குள்ள" என்று தலைவர் ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. நேராக ராமன் முன்னால் போய் நின்றாள்.

"நாலு நாளா என் புள்ளைங்கள திருடன் புள்ளைன்னாங்க. கொழாய்ல என் கொடத்த தள்ளி வச்சாளுங்க. நல்லா தூங்குனியா நைனா? தலைவரே, கூட்டத்துல பொய் சொல்லி ஒருத்தன் பாட்டைப் புடுங்கப் பாத்தா ஊரு கட்டுப்பாடு இன்னா?"

தலைவர் தயங்கினார். "பொய் சொன்னவனுக்கே அந்தத் தண்டனை திரும்பும்."

"மூணு வருஷம் கேட்டாரில்ல? மூணு வருஷம் குடுங்க. ஒரு நாள் கொறையக் கூடாது."

"வுடு சுதா" என்றார் பச்சைமுத்து. அவர் முகம் வெளுத்திருந்தது. "பேரு கெடாம தப்பிச்சோம். அது போதும். வா, போலாம்."

"இன்னா போதும்? எனக்குப் போதாது."

எனக்கும் போதவில்லை. கைதட்டலாமா என்றுகூட யோசித்தேன். பக்கத்தில் எப்சிபா அக்கா மட்டும் பச்சைமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆசிக், ஜெயிச்சவன் ஏன் நடுங்கறான்?" என்று மெல்லக் கேட்டார். நானும் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எழுதுங்க தலைவரே" என்றார் ராமன். "மூணு வருஷம். நான் வாங்கிக்கறேன். அந்தக் கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"எல்லாருக்கும்தான்."

"அப்போ ஆறு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு வருஷம் பாடு போச்சே, அதையும் எடுங்க. அந்தத் திருட்டு வலைய நான் போடல. போட்டவன் யாருன்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன்தான் எனக்கு எதிரா சாட்சி சொன்னான். அந்த ஒரு வருஷம் காட்டுப்பள்ளி துறைமுகத்துல கூலிக்குப் போனேன். திருட்டுப்பய பொண்ணுன்னு சொல்லி என் மகளுக்குப் பேசின சம்பந்தம் நின்னுச்சு. இன்னும் வூட்லதான் இருக்கறா. அன்னைக்குப் பெட்டி கிட்டி ஒண்ணும் கெடையாது. அவன் வாய்தான் சாட்சி. அதே வாயால இப்பச் சொல்லட்டும். கற்பூரம் ஏத்துங்க. அணைச்சு சத்தியம் பண்ணட்டும்."

சுதா சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு. "இவ்ளோதானா? இரு, நானே ஏத்தறேன்."

கோயில் படியிலிருந்து தட்டை எடுத்தாள். ஒரு வில்லைக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அணைங்க. அணைச்சுட்டு அவன் மூஞ்சில துப்பிட்டு வாங்க, வூட்டுக்குப் போவோம்."

பச்சைமுத்துவின் கை மடியைவிட்டு எழவில்லை.

"அணைங்கன்றேன்ல?"

சுதாவின் சிரிப்பு முகத்திலேயே நின்று, மெதுவாகப் போனது. "இன்னாங்க?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் இருந்ததை நான் எழுத மாட்டேன். பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தட்டின் சூடு அவள் விரலுக்கு வந்திருக்க வேண்டும். அவள் கையை எடுக்கவில்லை. கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது.

"இது போதும் எனக்கு" என்றார் ராமன். "மூணு வருஷம் இன்னா, முப்பது வருஷம் எழுதுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் துறைப் பக்கம் நடந்தார்.

தலைவர் சுதாவைப் பார்த்தார். ஆண்களைவிட்டு ஒரு பெண்ணிடம் அவர் தீர்ப்புக் கேட்டது அன்றைக்குத்தானாம், பிறகு சொன்னார்கள். "இன்னாம்மா பண்ணலாம்?"

சுதா தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேட்ட அதே குரல்தான், அது குறி வைத்த ஆள் மட்டும்தான் மாறியிருந்தது.

"ராமனுக்கு மூணு. இவருக்கு ஒண்ணு. ரெண்டையும் எழுதுங்க தலைவரே" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "எந்திரி. வூட்டுக்கு வா. அங்க இன்னொரு கூட்டம் இருக்குது. அதுக்கு நான்தான் தலைவர்."